செயலாளர் ஆண்டறிக்கை – 2024

அன்பு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் சைக்கிள் ஓட்டும் நம் தமிழ்க் குழுவின் 2024-ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வந்திருக்கும் பதினான்கு பேருக்கும் நன்றி. வராதவர்கள் வாட்ஸ்அப்பில் படித்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய ஆள் வராமல் கோரம் (குறைந்தபட்ச வருகை) இல்லை. ஜனவரியில் பொங்கல் ரைடு நடந்தது. சர்க்கரைப் பொங்கல் மிச்சமில்லாமல் தீர்ந்தது. சித்திரை ரைடு மழை இல்லாமலேயே ரத்தானது, காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது.

மார்ச்சில் பஞ்சர் ஒட்டும் பயிற்சி வைத்தோம். கால்வாய்க் கரையில் டயரைக் குத்தும் முள்ளை இங்கே ஆட்டுத்தலை என்கிறார்கள். அது வேறொன்றும் இல்லை, ஊரில் செருப்பில்லாமல் நடந்தபோது நம் காலில் ஏறிய அதே நெருஞ்சிதான். கடல் கடந்தும் நம்மை விடவில்லை. டியூபுக்குள் ஊற்றும் பசை திரவத்தை மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறோம், வாங்கிய விலைக்கே தருகிறோம்.

சனிக்கிழமை கால்வாய்க் கரை ரைடு பற்றி இரண்டு வரி. இந்த வருஷம் தொடர்ந்து 113 நாள் வெயில் 100 டிகிரியைத் தொட்டது. அதனால் புறப்படும் நேரத்தை விடியற்காலை 4.30 என்று மாற்றினேன். அப்புறம் வந்தவர்கள் மூன்று பேர்: பொருளாளர், நான், என் மகன். அவனையும் நான்தான் எழுப்பிக் கூட்டி வந்தேன்.

இனி, கிராண்ட் கேன்யன் பயணம். இதைப் பற்றிப் பலவாறாகப் பேசப்படுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

"ஏழு மைல் சைக்கிள் ஓட்ட 230 மைல் கார் ஓட்டணுமா?" என்று குழுவில் கேட்டார்கள். கேட்டவர் நம் ஊர்ச் சாலையில் லாரிக்குப் பக்கத்தில் குழந்தையை வைத்து ஓட்டிப் பார்த்ததில்லை. பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பில் இருக்கும் அந்த ஏழு மைல் ஹெர்மிட் சாலையில் மார்ச் 1 முதல் நவம்பர் 30 வரை சொந்தக் கார்களுக்கு அனுமதி இல்லை. பூங்காவின் பஸ்ஸும் சைக்கிளும்தான். பின்னால் பஸ் வந்தால் வலது ஓரம் ஒதுங்கி நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான் போக்குவரத்து. கிறிஸ்துமஸ் லீவில் போகலாமே என்று யோசனை சொன்னவர்களுக்கும் இதுவே பதில்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தச் சாலையில் கார் விடுகிறார்கள். பிறகு எதற்கு அங்கே போவது?

பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். வந்தவர்கள் 9 பேர். தீபாவளி 31-ஆம் தேதி வியாழக்கிழமை என்று காலண்டர் பார்த்துத்தான் அக்டோபர் 26, 27 என்று குறித்தேன். அதே சனிக்கிழமை இன்னொரு இடத்தில் தீபாவளி விருந்து வைப்பார்கள் என்று காலண்டரில் போட்டிருக்கவில்லை. புறப்படுவதற்கு முந்தைய வியாழன் இரவு பத்து மணிக்கு மேல் "சாரி அண்ணா" என்று எட்டு மெசேஜ் வந்தன. பூங்காவுக்கு வெளியே இருக்கும் டுசாயன் ஊரில் எடுத்த அறைகளுக்கான ரத்துக் கட்டணம் என் கிரெடிட் கார்டில் இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னதற்கும் சிரித்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் அங்கே தண்ணீர்க் குழாய் உடைந்து, செப்டம்பர் தொடக்கத்து லேபர் டே வார இறுதியில் தெற்கு விளிம்பு விடுதிகளில் ராத்தங்கல் இல்லாமல் போனதை அவர்கள் படிக்கவில்லை போலும். பள்ளத்தாக்கின் அடியில் ஆறு ஓடினாலும், விளிம்பில் குடிக்கிற தண்ணீர் 1960களில் போட்ட ஒரே குழாயை நம்பித்தான் இருக்கிறது.

சாலை தொடங்கியதும் ஏற்றம். ஃபீனிக்ஸின் ஆயிரத்துச் சொச்சம் அடியிலிருந்து ஏறக்குறைய ஏழாயிரம் அடிக்கு வந்திருக்கிறோம் என்பதை நுரையீரல் முதல் அரை மைலிலேயே சொல்லிவிட்டது. ஹோப்பி முனை தாண்டியபின் ஆசுவாசம். அபிஸ் என்ற இடத்தில் சாலையோரத்திலிருந்து சுமார் மூவாயிரம் அடி செங்குத்தாக இறங்குகிறது. அங்கே எல்லோரையும் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கச் சொன்னேன். செயலாளர் பயந்துவிட்டார் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. பயந்தது உண்மை.

மதுரையிலிருந்து வந்திருந்த ஓர் உறுப்பினரின் அம்மா பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி எங்களுக்காகக் காத்திருந்தார். போகும்போது பஸ் எல்லா இடத்திலும் நிற்கும், திரும்பும்போது சில இடங்களில் மட்டும்தான். மொஹாவி முனையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கீழே பார்த்தார். "இம்புட்டுப் பெரிய பள்ளத்தைத் தோண்டின ஆறு எங்கப்பா? நம்ம வைகை மாதிரி அதுவும் காஞ்சு போச்சா?" என்றார். சிவப்புப் பாறைக்கு நடுவே அரைஞாண் கயிறு போலத் தெரிந்ததைக் காட்டினோம். அதுதான் கொலராடோ என்றதும் நம்பவில்லை. பேச்சை நிறுத்திக் காது கொடுத்தபோது அடியிலிருந்து இரைச்சல் லேசாக ஏறி வந்தது. கார் ஓடும் சாலையாக இருந்தால் அது கேட்டிருக்காது. நான் சொல்ல வந்தது இதுதான்.

பிமா முனையில் அண்டங்காக்கை ஒன்று சைக்கிள் பையின் ஜிப்பை அலகால் இழுத்துத் திறந்து, புளியோதரைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அமாவாசைக்குக் கூப்பிட்டாலும் வராத சாதி, இங்கே கூப்பிடாமலே வருகிறது. அங்கே விலங்கு, பறவைக்கு உணவு கொடுப்பது குற்றம். நாங்கள் கொடுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

பாதை முடியும் ஹெர்மிட்ஸ் ரெஸ்டில் 1914-இல் மேரி கோல்ட்டர் வடிவமைத்த கல் வீட்டின் பெரிய கணப்பு அடுப்பருகே உட்கார்ந்து மிச்சமிருந்த தயிர்சாதத்தை நினைத்து ஏங்கினோம். அது அம்மாவின் பையில் பஸ்ஸில் போய்விட்டிருந்தது. மறுநாள் டுசாயனிலிருந்து பைன் மரக்காட்டு வழியாகப் போகும் ஆறரை மைல் சைக்கிள் பாதை. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

சந்தா. 48 குடும்பங்களில் 29 குடும்பங்கள் கட்டியுள்ளன. பெயர் வாசிக்கப் போவதில்லை. ஆயிரக்கணக்கான டாலரில் கார்பன் சைக்கிள் வாங்கியவர்களும் அந்தப் பத்தொன்பதில் உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

வரவு செலவு பெரும்பாலும் சரியாக இருக்கிறது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. விவரம் பொருளாளரிடம் உண்டு. அவர் இன்று வேலை நிமித்தம் வர இயலவில்லை.

தலைவருக்கும், செயற்குழுவுக்கும், அதிகாலையில் காபி போட்டுக் கொடுத்த இல்லங்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்பது என் யோசனை. பஸ் ஓடும் பருவத்தில் அங்கும் பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்தக் கார் கிடையாது. விர்ஜின் ஆற்றை ஒட்டிப் பாருஸ் என்ற தார்ப்பாதையில் தொடங்கி, மலைச்சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓட்டலாம். கிழக்கு வாசலிலிருந்து ஓட்டி வரலாம் என்று யாரும் திட்டம் போட வேண்டாம்: நடுவில் 1930-இல் திறந்த 1.1 மைல் சுரங்கத்தில் சைக்கிள் ஓட்டத் தடை. காரில் போக ஏழு மணி நேரம் ஆகும். பிப்ரவரி 15-க்குள் முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டும் அறை எடுக்கப்படும். பத்துப் பேர் தேறாவிட்டால் நானும் என் மகனும் போய்விட்டு வருகிறோம், போட்டோ அனுப்புகிறோம். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க விரும்பினால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆர்வமுள்ளவர்கள் இப்போதே கை தூக்கலாம்.

கடைசியாக ஒன்று. சங்கப் பணத்தில் வாங்கிய பெரிய காற்றடிக்கும் பம்ப், பயணத்துக்கு வராத ஒரு குடும்பத்தின் கராஜில் இருக்கிறது. ஹெர்மிட் சாலை தொடக்கத்தில் நெருஞ்சி குத்தி டயர் இறங்கியபோது, முன்பின் தெரியாத ஒரு தம்பதியிடம் கடன் வாங்கித்தான் காற்றடித்தோம். தயவு செய்து அடுத்த சனிக்கிழமை காலை 4.30-க்குக் கால்வாய்க் கரைக்கு அதைக் கொண்டு வரவும். நான் அங்கே இருப்பேன்.