வெப்பமண்டலப் பெட்டிக்குள் பனிக்காலக் கையேடு: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
பெட்டி வாங்கிய வாடிக்கையாளர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தோட்டப் பொருள் விற்பனை நிறுவனம், கோலாலம்பூர்.

பொருள்: ‘வெப்பமண்டலக் கொல்லைத் தோட்டப் பெட்டி’க்குக் கட்டிய முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டு

ஐயா / அம்மா,

வணக்கம். பொங்கலை ஒட்டி உங்கள் நிறுவனம் தமிழில் ஒரு விளம்பரம் வெளியிட்டது. மலேசிய வெயிலுக்கென்றே தேர்ந்தெடுத்த காய்கறிகள், பழங்கள், வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தால் போதும் என்று அதில் போட்டிருந்தீர்கள். அதை நம்பி 189 ரிங்கிட் கட்டிப் பெட்டியை வாங்கினேன். ரசீதும் படங்களும் இத்துடன் இருக்கின்றன. விளம்பரம் தமிழில் வந்ததால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். படித்துச் சொல்ல உங்களிடம் ஆள் இருக்கும்.

பெட்டி அடிபடாமல் வந்து சேர்ந்தது. கைக்கொத்தும் கையுறையும் நல்ல தரம். அவற்றில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் விதையிலும் கன்றிலும் கையேட்டிலும்தான்.

எந்த இரகம் என்று விளம்பரத்தில் ஓரிடத்திலும் எழுதவில்லை. வெங்காயம், தக்காளி, கீரை, காலிஃபிளவர், ‘இரண்டு பழக் கன்றுகள்’ என்று மட்டும் இருந்தது. இரகம் என்ன என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரியவரும். அதற்குள் பணம் உங்கள் கைக்கு வந்துவிடும்.

வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘நீண்ட பகல் இரகம்’ என்று அச்சடித்திருக்கிறது. பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் இந்த இரகத்தில் வெங்காயம் திரளும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் கோடையில் அவ்வளவு நீண்ட பகல் உண்டு. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. வருடத்திலேயே மிக நீண்ட பகல்கூட இங்கே பன்னிரண்டரை மணி நேரத்தைத் தொடாது. நான் தண்ணீர் ஊற்றினாலும் சரி, பால் ஊற்றினாலும் சரி, சூரியன் எனக்காக இரண்டு மணி நேரம் கூடுதலாக நிற்கப் போவதில்லை. தாள் வந்தது, வெங்காயம் வரவில்லை. தாள் மட்டும் வேண்டுமென்றால் சந்தையில் வாங்கிய சின்ன வெங்காயத்தைப் பாலிபேக்கில் ஊன்றியிருப்பேன். காசே ஆகியிருக்காது.

தக்காளி பீஃப்ஸ்டேக் இரகம். பாக்கெட்டின் மேல் உள்ளங்கை நிறையும் பழத்தின் படம். செடி ஆள் உயரம் வளர்ந்து நன்றாகவே பூத்தது, பூவெல்லாம் காம்போடு கொட்டியது. இரவு வெப்பம் 21 டிகிரிக்கு மேலேயே இருந்துகொண்டிருந்தால் இப்படிப்பட்ட பெரிய பழ இரகங்களில் மகரந்தம் சரியாகச் சேராமல் பூ உதிர்வது தெரிந்த விஷயம். எங்கள் ஊரில் விடியற்காலையிலேயே 24 டிகிரி இருக்கும். கேமரன் மலையில் காய்க்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். கேமரன் மலைத் தோட்டங்கள் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. என் கொல்லைக்கு அந்த உயரம் கிடையாது. சூடு தாங்கும் சிறிய தக்காளி இரகங்கள் இருக்கின்றன, பினாங்கில் பலர் வீட்டிலேயே காய்க்க வைக்கிறார்கள். அதில் ஒரு பாக்கெட் போட உங்களுக்கு என்ன தடை?

கீரை என்று போட்டிருந்தது லெட்டூஸ். அது முளைக்கவே இல்லை, சூடான மண்ணில் அந்த விதை உறங்கிவிடும். காலிஃபிளவர் இலையோடு நின்றுவிட்டது. ராஸ்பெர்ரி கன்று கருகிவிட்டது. இவற்றைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை.

ஆப்பிளைப் பற்றி எழுதித்தான் ஆக வேண்டும். அந்தக் கன்றில் தொங்கிய அட்டையிலேயே, குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே 800 மணி நேரமாவது இருந்தால்தான் பூக்கும் என்று அச்சடித்திருக்கிறது. உங்கள் பெட்டியில் உங்கள் கையால் வைத்த அட்டை அது. பினாங்கில் 7 டிகிரி எங்கே இருக்கிறது? பினாங்குக் கொடிமலை உச்சிக்கு மலை இரயிலில் ஏற்றிக்கொண்டுபோய் நட்டாலும் அந்தக் குளிர் கிடைக்காது. கன்றைப் பெட்டிக்குள் வைத்தவர் அட்டையைப் படித்தாரா? படித்தும் வைத்தார் என்றால் அது இன்னும் மோசம்.

இனி கையேடு. விதையைவிட இதுதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது. விதை பொய்த்தால் பணம் மட்டும்தான் போகும். இதை அப்படியே கடைப்பிடிப்பவருக்கு வேறு தொல்லைகளும் வரும்.

கடைசிப் பனி உறைவுக்கு ஆறு வாரம் முன்பு வீட்டுக்குள் நாற்று விட வேண்டுமாம். எங்கள் ஊரில் பனி உறையும் ஒரே இடம் ஃபிரிட்ஜுதான். விதைப்பதற்கு முன் கறுப்பு பிளாஸ்டிக் விரித்து மண்ணைச் சூடாக்க வேண்டுமாம். நாங்கள் வைக்கோலும் காய்ந்த இலையும் போட்டு மண்ணைக் குளிர வைக்கப் பாடுபடுகிறோம். வருடம் முழுக்க நல்ல வெயில் வேண்டுமென்றால் தெற்குச் சுவர் ஓரமாகப் பாத்தி கட்டச் சொல்கிறீர்கள். பினாங்கில் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த மாதங்களில் தெற்குச் சுவர் ஓரத்தில் விழுவது வீட்டின் நிழல். முயலும் மானும் வராமல் வேலி போட இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆயர் ஈத்தாமில் மான் வந்தால் பத்திரிகையில் படம் போடுவார்கள். இங்கே வருவது குரங்கு. பாகற்காயையும் கொய்யாவையும் உள்ளிருந்தே அழுக வைக்கும் பழ ஈ வரும். பிஞ்சிலேயே காகிதப் பை கட்ட வேண்டும் என்பது இங்கே எந்தப் பாட்டிக்கும் தெரியும். உங்கள் கையேட்டில் பழ ஈ என்ற பேச்சே இல்லை.

இவையெல்லாம் சிரிப்பு என்றே விட்டுவிடலாம். ‘தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து எப்போதும் தண்ணீர் நிரம்பியிருக்கும்படி பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதியிருப்பதை அப்படி விட முடியாது. டிங்கி பரவும் நாட்டில் இதை எப்படி அச்சடித்தீர்கள்? ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதற்கு அந்தத் தட்டுத் தண்ணீர் தாராளம். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் சுகாதார இலாகாவினர் வீட்டுக்காரருக்குத்தான் கம்பவுண்டு, அதாவது அபராதம், எழுதுவார்கள், கையேடு அச்சடித்தவருக்கு அல்ல. நான் தட்டு வைக்கவில்லை. விவரம் தெரியாத ஒரு புதுக் குடித்தனம் வைத்திருந்தால்?

இத்தனையையும் படங்களோடு உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினேன். வந்த பதில்: ‘தண்ணீரும் உரமும் போதவில்லை என்று தெரிகிறது. எங்கள் திரவ உரத்துக்கு உங்களுக்காக 10 விழுக்காடு தள்ளுபடி.’ அதாவது, தவறு என்னுடையது, அதைச் சரிசெய்ய நான் இன்னும் கொஞ்சம் செலவழிக்க வேண்டும். அதே பாத்தியில், அதே மண்ணில், அதே தண்ணீரில், பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி கொடுத்த விதையில் முளைத்த வெண்டையும் பயற்றங்காயும் கொடி தாங்காமல் காய்க்கின்றன. படம் இணைத்திருக்கிறேன். மண்ணும் தண்ணீரும் போதவில்லை என்றால் வெண்டைக்கு மட்டும் எப்படிப் போதுகிறது?

வெப்பமண்டலம் என்று பெயர் வைத்த பெட்டியில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வெண்டை, கத்தரி, பயற்றங்காய், பாகல், புடலை, சிறகவரை இருக்கலாம். கங்குங் கீரை, பசலை இரண்டும் கேட்காமலேயே வளரும். பழத்துக்குப் பப்பாளி, கொய்யா, லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சை. மாங்கன்று வைப்பதானால் வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை காய்க்கும் சோக்கானான் வையுங்கள். ஹருமானிஸ் என்று பெரிய பெயரைப் போட்டு விற்காதீர்கள், அந்த மா நன்றாகப் பூக்க வடக்கே பெர்லிஸ் மாநிலத்தைப் போல நல்ல வறட்சி வேண்டும். நடவு அட்டவணையைப் பனியை வைத்து எழுதாமல் மழையை வைத்து எழுதுங்கள். தைப்பூசத்தை ஒட்டி இங்கே வெயில் கொளுத்தும், அப்போது நாற்றுக்கு நிழல் வேண்டும். தீபாவளியை ஒட்டி மழை கொட்டும், அப்போது பாத்தியை உயர்த்தாவிட்டால் வேர் அழுகும். பினாங்கில் தோட்டம் போடுகிறவருக்குத் தேவையான நாள்காட்டி இவ்வளவுதான், ஒரு பக்கத்தில் அடங்கும்.

சட்டப்படியும் சொல்லிவிடுகிறேன். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, விற்கும் பொருள் சொன்ன நோக்கத்துக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்கிறது. 34ஆவது பிரிவு, கொடுத்த விவரிப்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. மலேசிய வெயிலுக்கென்றே தேர்ந்தெடுத்தது என்பது உங்கள் விவரிப்பு. 800 மணி நேரக் குளிர் கேட்கும் ஆப்பிள் அதில் எப்படி அடங்கும்?

நான் கேட்பது: 189 ரிங்கிட்டும் அனுப்புச் செலவும் முழுதாகத் திரும்ப வேண்டும். வவுச்சரோ தள்ளுபடிக் கூப்பனோ வேண்டாம். பெட்டியில் உள்ள இரகங்களின் பெயரை, வாங்குவதற்கு முன்பே தெரியும்படி விளம்பரத்தில் போட வேண்டும். தட்டுத் தண்ணீர் பற்றிய பக்கத்தை உடனே நீக்கி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் செய்தி அனுப்ப வேண்டும். பணத்தைவிட இந்தக் கடைசி விஷயம் எனக்கு முக்கியம்.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் உரிமைக் கோரல் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பேன். அங்கே மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. இதன் நகல் ஒன்றை பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் அனுப்பியிருக்கிறேன்.

ஆப்பிள் கன்று இன்னும் தொட்டியில் உயிரோடு இருக்கிறது. மீதி விதைப் பாக்கெட்டுகளையும் கையேட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். திரும்ப வேண்டுமென்றால் உங்கள் செலவில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். வருவதற்கு முதல் நாள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டால் போதும். சனி, ஞாயிறு காலையில் மட்டும் வர வேண்டாம், சந்தைக்குப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.

இணைப்பு: ரசீது, விளம்பரத்தின் படம், வெங்காயப் பாக்கெட் மற்றும் ஆப்பிள் அட்டையின் படங்கள், வெண்டைப் பாத்தியின் படம், வாட்ஸ்அப் உரையாடல்.