இரண்டு ஆறுகளுக்கு நடுவே: சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருப்பதையும் பேத்தி பள்ளியில் சேர்ந்திருப்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தைப் பற்றியும் கடற்கரையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதும் நான், குடியிருக்கும் சாட்ஸ்வர்த்தைப் பற்றி, இந்திய வம்சாவளியினர் நிறைந்த இந்த டர்பன் புறநகரைப் பற்றி, ஒரு வரிகூட எழுதவில்லை என்று குறைப்பட்டிருந்தீர்கள். அது ஒரு குட்டித் தமிழ்நாடுதானே என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் ஏன் இல்லை என்பதில்தான் இந்த ஊரின் கதை இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். நகர மையத்துக்குத் தென்மேற்கே, உம்லாத்தூசானா, உம்லாஸ் என்னும் இரு ஆறுகளுக்கு இடையே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் குன்றுகள்தாம் சாட்ஸ்வர்த். வடக்கே ஆற்றுக்கு அப்பால், நிறவெறி ஆட்சி நடந்த அந்நாளில் வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்டிருந்த குவீன்ஸ்பர்க். தெற்கே ஆற்றுக்கு அப்பால் ஆப்பிரிக்கருக்கு ஒதுக்கப்பட்ட உம்லாசி. இரண்டுக்கும் நடுவில் இந்தியர்களை வைத்தார்கள். யார் எங்கே குடியிருக்கலாம் என்பதை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆற்றையும் மேட்டையும் எல்லைச் சுவராகக் கணக்கிட்டு, அதிகாரிகள் வகுத்த இடம் இது. அதற்கு முன்னர் இங்கே வாழைத் தோட்டம் போட்டிருந்தவர்களும் இந்தியர்களே. அவர்களுடைய நிலத்தைக் கையகப்படுத்தித்தான் மற்ற இந்தியர்களுக்கு வீடு கட்டினார்கள்.

1960களின் முற்பகுதியிலிருந்து மக்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மாநகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த மேகசின் பேரக்ஸ், துறைமுகத்தை ஒட்டிய கிளேர்வுட், காய்கறித் தோட்டங்கள் நிறைந்த கேட்டோ மேனர் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். இவற்றுள் கேட்டோ மேனரின் கதைதான் என்னை மிகவும் உறுத்துகிறது. ஒப்பந்தக் காலம் முடித்த கூலிகளும் அவர்களின் பிள்ளைகளும் சிறுகச் சேர்த்து வாங்கிய சொந்த நிலம் அது. 1958இல் அதை வெள்ளையர் பகுதியாக அறிவித்து, வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். கோயில்கள் சில மட்டும் தப்பின. பிறகு வெள்ளையரும் அங்கே போய்க் குடியேறவில்லை. பல ஆண்டுகள் பெரும்பகுதி நிலம் புதர் மண்டிக் கிடந்தது. சொந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள் இங்கே வாடகைக்குடியாகி, தாங்கள் விட்டு வந்த நிலம் வெறுமையாகக் கிடப்பதைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஊருக்குப் பெயர் வைக்கக்கூட அதிகாரிகள் அதிகம் மெனக்கெடவில்லை. பகுதிகளை யூனிட் 1, யூனிட் 2 என்று எண்ணிட்டார்கள். பின்னர் பேவியூ, வெஸ்ட்கிளிஃப் என்றெல்லாம் பெயர்கள் வந்தபோதிலும், பெரியவர்கள் இன்றும் யூனிட் எண்ணைச் சொல்லியே வழி காட்டுகிறார்கள். ஒரே நடுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளும், மாடிக் குடியிருப்புகளும், கல்நார்க் கூரைகளுமாக எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. வீடுகள் சொந்தமான பிறகுதான் முகம் மாறியது. ஒருவர் முன்புறம் தாழ்வாரம் இழுத்தார், மற்றொருவர் தூண் வைத்து மாடி கட்டினார், இன்னொருவர் பின்புறம் ஓர் அறை எழுப்பி வாடகைக்கு விட்டார். நான் இருப்பதும் அப்படிப்பட்ட பின்கட்டு ஒன்றில்தான். தெருவில் நடந்தால், எந்தக் குடும்பத்துக்கு எப்போது கையில் காசு வந்தது என்பதைக் கட்டடத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

இரயில் பாதை போட்ட அரசு, மக்களை இரயிலுக்குத் திருப்புவதற்காக இந்தியர்கள் நடத்திவந்த பேருந்துகளை நிறுத்தப் பார்த்தபோது, ஊரே இரயிலைப் புறக்கணித்துப் பேருந்துகளுக்காக நின்றது. அது 1970களின் தொடக்கம். 1969இல் திறந்த ஆர். கே. கான் மருத்துவமனைக்குத் தெற்கு டர்பனின் பல பகுதிகளிலிருந்தும் இன்று நோயாளிகள் வருகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் 1985இல் திறந்த கிருஷ்ண பக்தி இயக்கத்தின் இராதாநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு, சாட்ஸ்வர்த்தையே பார்த்ததாகச் சொல்லிப் போகிறார்கள். கோயில் அழகானதுதான், ஆனால் ஊர் அங்கே இல்லை.

ஊரை அறிய வேண்டுமானால் யூனிட் 2, யூனிட் 3 ஆகியவற்றின் மாடிக் குடியிருப்புகளுக்குப் போக வேண்டும். அங்கே வாழும் பெண்களில் ஏராளமானோர் டர்பனின் ஆடைத் தொழிற்சாலைகளில் தைத்துச் சம்பாதித்தவர்கள். 1990களில் இறக்குமதி வரி குறைந்து மலிவான வெளிநாட்டுத் துணி வந்து குவிந்ததும் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வாடகையும் தண்ணீர், மின்சாரக் கட்டணங்களும் நிலுவையாகின. நிறவெறி ஆட்சி முடிந்து வந்த சுதந்திர ஆட்சியின் மாநகராட்சியே இணைப்புகளைத் துண்டிக்கவும் வீட்டைக் காலி செய்யவும் ஆள் அனுப்பியது. நிறவெறிக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் போராடிய ஃபாத்திமா மீர் 1999இல் இங்கு வந்தது, இந்தியர்கள் பழைய வெள்ளையர் கட்சிகளுக்கு வாக்களிக்க வேண்டாம் என்று எடுத்துச் சொல்வதற்காக. வந்தவர் இந்த வறுமையைக் கண்டு, வெளியேற்றப்படுபவர்களின் பக்கம் நின்றுவிட்டார். அதற்குள் இந்த மாடிகளில் ஆப்பிரிக்கக் குடும்பங்களும் குடியேறியிருந்தன. அந்தப் போராட்டங்களின்போது ஒரு பெண், தாங்கள் இந்தியர்கள் அல்லர், ஏழைகள் என்று முகத்துக்கு நேரே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. குட்டித் தமிழ்நாடா என்னும் உங்கள் கேள்விக்கு இதைவிடச் சரியான பதில் என்னிடம் இல்லை.

அதற்காகத் தமிழ் அறவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டில் பேசுவது ஆங்கிலம். ஆனால் மாலையில் காமாட்சி விளக்கு ஏற்றுவது நிற்கவில்லை. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பொருள் முழுவதும் விளங்காமலே இராகம் பிசகாமல் பாடுகிறார்கள். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது தெருத்தெருவாக நடக்கிறது. வெஸ்ட்கிளிஃபில் வெள்ளி, சனிக்கிழமைகளில் கூடும் சந்தைக்குப் பங்களாதேஷ் மார்க்கெட் என்று பெயர். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், கீரை வகைகள், உயிர்க்கோழி, மதும்பி என்று இவர்கள் சொல்லும் சேப்பங்கிழங்கு என அனைத்தும் கிடைக்கும். நம் ஊரிலிருந்து வருபவர்கள் இவர்களின் தமிழைத் திருத்தத் தொடங்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 1860 முதல் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் கொள்ளுப்பேரர்களுக்கும், தமிழை வைத்துக்கொண்டு வேலையோ வீடோ கிடைத்ததில்லை. அப்படியிருந்தும் இவ்வளவைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் நாம் முதலில் பார்க்க வேண்டும்.

குறைகளும் உண்டு. "சுகர்ஸ்" என்று இங்கே அழைக்கப்படும் மலிவான ஹெராயின் கலவை பல வீட்டுப் பிள்ளைகளைக் கெடுத்திருக்கிறது. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் கடிதம் முடியாது.

நீங்கள் வருவதாக இருந்தால் ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி வாருங்கள். புனித வெள்ளியன்று பக்கத்து ஊரான இசிப்பிங்கோவின் மாரியம்மன் கோயிலுக்குப் பல்லாயிரம் பேர் திரளுவார்கள். சாட்ஸ்வர்த்தில் பாதிப் பேரை அங்கேயே பார்த்துவிடலாம். வெயிலும் அப்போது தணிந்திருக்கும். இங்கே ஏற்றமும் இறக்கமுமாகவே தெருக்கள் இருக்கும் என்பதால், முழங்காலைப் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பயணத் தேதியை எழுதுங்கள்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்