ஐப்பசி மழைக்கு முன் தளம் போட்டாக வேண்டும்: இசைத்தட்டு அறைக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

பாடலீஸ்வரர் துணை

திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், முதுநகர், செம்மண்டலம் சுற்றுவட்டாரத்துப் பழைய பாட்டுப் பிரியர்களுக்கும், வெளியூரில் குடியேறிவிட்டாலும் மாதத்தின் முதல் ஞாயிறு அன்று எப்படியாவது பஸ் பிடித்து வந்து கேட்டுவிட்டுப் போகும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் குழுவின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். பழைய இசைத்தட்டுகளை வைத்திருக்கும் நம் மாடி அறையின் ஒழுகும் தளத்தை மாற்றி அறையைச் சீர்செய்ய ரூ. 81,500 குறைகிறது. 2025 அக்டோபர் 3ஆம் தேதி, விஜயதசமிக்கு மறுநாள், கொத்தனார் மாடியில் வேலையைத் தொடங்க வேண்டும். முன்பணம் 40,000 கொடுத்தாகிவிட்டது. மீதிக்கு வழி இல்லையென்றால் கோண்டூரில் வேறொரு வேலைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் ஆள் கூலி கொடுக்க வேண்டும். அக்டோபர் 18 அன்று ஐப்பசி பிறக்கிறது. அதற்குப் பிறகு கடலூரில் யாரும் மொட்டைமாடியைப் பிரித்துப் போட மாட்டார்கள். சுண்ணாம்பு ஜல்லி கொட்டி அடித்து, அது இறுகும் வரை மேலே மழை விழக் கூடாது.

இந்த அறை எப்படி வந்தது என்பது புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. பழையவர்களுக்குத் தெரியும், ஆனாலும் இன்னொரு முறை கேட்பதில் அவர்களுக்குச் சந்தோஷம்தான். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஊரெங்கும் மின்கம்பங்கள் படுத்துவிட்டன. பல நாள் கரண்ட் இல்லை. ராத்திரி ஏழு மணிக்கே தெரு இருண்டு போய், குழந்தைகள் அழுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்த இருட்டில், தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் பெரியவர் ஒருவர், பரணிலிருந்து கிராமபோன் பெட்டியை இறக்கித் திண்ணையில் வைத்தார். அதற்குக் கரண்ட் வேண்டாம். கைப்பிடியைச் சுற்றி முறுக்கேற்றினால் போதும். முதலில் அவர் போட்டது நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா தட்டு. 1933இல், 27 வயதில் போய்விட்ட மனிதரின் குரல், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் தெருவை நிறைத்தது. அடுத்து கே.பி. சுந்தராம்பாள். பக்கத்து வீட்டுத் திண்ணைகளிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். எட்டு நாள், தினமும் ராத்திரி. ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் கூட ஓடும், முடிந்ததும் ஊசி மாற்ற வேண்டும். ஊசி தீர்ந்து போகப் போகிறதே என்று பெரியவர் பதறினார். ஒன்பதாம் நாள் கரண்ட் வந்தது. டிவி வந்துவிட்டது, கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்தோம். பாதிப் பேர் கலையவில்லை.

அந்தப் பாதிப் பேர்தான் நாம்.

2013 வந்தது. ஏப்ரல் 14 பாடகர் பி.பி. ஸ்ரீனிவாஸ் போனார். மூன்றே நாளில், ஏப்ரல் 17, இசையமைப்பாளர் டி.கே. ராமமூர்த்தி. மே 25 டி.எம். சௌந்தரராஜன். ஆறு வாரத்துக்குள் மூன்று பேர். துக்க வீட்டுக்குப் போகவேண்டிய தூரம் சென்னை என்பதால் நாம் நம் திண்ணையிலேயே உட்கார்ந்து தட்டுப் போட்டோம். நினைவு மாலை என்று ஒரு சாயங்கால நிகழ்ச்சியை அப்போதுதான் ஆரம்பித்தோம். பெரியவர் தன் வீட்டு மாடி அறையைத் திறந்துவிட்டார்.

அப்புறம் தட்டுகள் வரத் தொடங்கின. யார் வீட்டிலாவது தாத்தா தவறிவிட்டால், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பேரப்பிள்ளை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். "காயலான் கடைக்குப் போட மனசு வரல, நீங்க வச்சுக்கங்க." இப்படிச் சேர்ந்ததுதான் இன்றைக்கு 1,140 தட்டுகள். அதில் 412 நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டு, மீதி பின்னால் வந்த பிளாஸ்டிக் தட்டுகளான எல்.பி.யும் இ.பி.யும். கேசட் தனி, அதை எண்ணி முடிக்கவில்லை.

சண்டைகளையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நம்மைப் பற்றி எழுதியதாக ஆகாது. தியாகராஜ பாகவதர் கட்சிக்கும் பி.யு. சின்னப்பா கட்சிக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஜெமினிக்குப் பொருந்தியது ஏ.எம். ராஜா குரலா, பி.பி.எஸ். குரலா என்று ஒரு ஞாயிறு முழுக்கப் பேசி, கடைசியில் காபி ஆறிப்போனது. எல்லாவற்றுக்கும் மேலாக நம் ஜில்லாக்காரர் விவகாரம் ஒன்று இருக்கிறது. சிதம்பரத்தில் பிறந்த சி.எஸ். ஜெயராமன், 1952இல் பராசக்தியில் சிவாஜிக்குப் பாடினார். 1954இல் ரத்தக்கண்ணீரில் எம்.ஆர். ராதாவுக்குப் பாடினார். அதே 1954இல் தூக்குத் தூக்கியில் சிவாஜிக்கு டி.எம்.எஸ். வந்தார். அதோடு நம்மவருக்கு இடம் குறைந்துவிட்டது என்று எழுபது வருஷமாக மனசு ஆறாத ஒரு உறுப்பினர் நம்மிடையே இருக்கிறார். டி.எம்.எஸ். நினைவு மாலைக்கும் அவர் வருவார், கடைசி வரிசையில் உட்காருவார், பாட்டு முடிந்ததும் முதலில் கை தட்டுவதும் அவர்தான்.

ஜூன் 24 நமக்குப் பண்டிகை. கண்ணதாசன் பிறந்தது 1927இல், எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்தது 1928இல், இருவருக்கும் அதே தேதி. அன்றைக்குப் பாயசம் உண்டு. 2023 பிப்ரவரி 4 இன்னும் ஆறாத நாள். பத்மபூஷண் அறிவிப்பு வந்து பத்து நாள்கூட ஆகாமல், வாங்கிக்கொள்ளக் கொடுத்துவைக்காமல் வாணி ஜெயராம் போய்விட்டார். 2020 செப்டம்பர் 25 எஸ்.பி.பி. போனபோது கொரோனா காலம், கூட முடியவில்லை. ராத்திரி ஏழு மணிக்கு அவரவர் வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பாட்டுப் போடுவது என்று போனில் பேசி முடிவு செய்தோம். எத்தனை பேர் போட்டார்கள் என்று தெரியாது. எங்கள் தெருவில் நாலு ஜன்னலிலிருந்து கேட்டது.

சரி, தளத்துக்கு வருவோம். 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் வேறு. எல்லோருக்கும் அவரவர் வீட்டுக் கவலை. நாலாம் நாள் அறையைத் திறந்தபோது மூன்றாவது அலமாரிக்கு நேர் மேலே தளம் சொட்டிக்கொண்டிருந்தது. 112 தட்டுகளின் காகித உறை ஊறி, தட்டோடு ஒட்டி, மேலே பூஞ்சை பிடித்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு விட்டு, பஞ்சால் துடைத்து, நிழலில் நிற்க வைத்துக் காய வைத்தோம். ஒவ்வொன்றாக. பெண்கள் நாலு பேர் ஒரு வாரம் வந்து உட்கார்ந்தார்கள். இடையில் ஒரு புத்திசாலி, பூஞ்சை சீக்கிரம் போகட்டும் என்று பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தார். எல்.பி.க்கு அது ஒன்றும் செய்திருக்காது. ஆனால் 78 தட்டு அரக்கில் செய்தது. மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் தச்சரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அரக்கைக் கரைக்கவே ஸ்பிரிட்தான் ஊற்றுவார்கள் என்று. நாலு தட்டில் ஊசி ஓடும் வரிகள் மழுங்கிப் போயின. அதில் ஒன்று தண்டபாணி தேசிகர். அந்தப் புத்திசாலி இந்த வேண்டுகோளை எழுதுகிறவன்தான். தேசிகர் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை சொல்லிக்கொடுத்தவர், நந்தனாராக நடித்தவர். அவர் குரலை நானே அழித்தேன் என்பது இன்னும் தூக்கத்தில் வருகிறது.

வீட்டுக்காரப் பெரியவரும் இப்போது இல்லை. கோயம்புத்தூரில் இருக்கும் அவர் மகள் வீட்டை விற்றிருக்கலாம். விற்கவில்லை. "அப்பாவோட தட்டு இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். வாடகை வேண்டாம். தளத்தை மட்டும் நீங்க பார்த்துக்கங்க" என்றார். பத்து வருஷத்துக்கு எழுதியும் கொடுத்திருக்கிறார். வேறு ஒருவர் வீட்டுக்கு நாம் ஏன் தளம் போட வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். கடலூரில் அந்த அளவு அறைக்குப் பத்து வருஷ வாடகை எவ்வளவு என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

கணக்கு இது. தளம் 650 சதுர அடி, சுண்ணாம்பு ஜல்லியும் தட்டை ஓடும் கூலியும் சேர்த்து அடிக்கு 150 வீதம் ரூ. 97,500. உள்சுவரில் உப்புப் பூத்த பூச்சைக் கொத்தி எடுத்து மறுபூச்சுப் பூசி வெள்ளையடிக்க 24,000. இரும்பு அலமாரி இரண்டு, 29,000. தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்கினால் வளைந்துவிடும் என்பதால் குறுக்குத் தடுப்பு வைத்து நிற்க வைக்கும்படி செய்யச் சொல்லியிருக்கிறோம். வயரிங் 11,500. 78க்கு ஏற்ற தடித்த ஊசியும் தட்டைச் சுழற்றும் பெல்ட்டும் 8,000. எல்.பி. ஊசியை 78இல் வைக்கக் கூடாது, இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. தட்டில் இருப்பதைக் கணினியில் ஏற்றிக்கொள்ளத் தேவையான கருவிகள் 18,000. மொத்தம் ரூ. 1,88,000. இதுவரை வந்தது 1,06,500.

அந்த 1,06,500 தந்தவர்களுக்குக் கை கூப்பி நன்றி சொல்லாமல் மேலே போக முடியாது. ஓய்வூதிய நிலுவை வந்த அன்றே 10,000 கொண்டுவந்து மேஜையில் வைத்த செம்மண்டலத்துத் தலைமையாசிரியை அம்மா; அப்பா பெயரில் சிங்கப்பூரிலிருந்து 25,000 அனுப்பிய பிள்ளை (அந்த அப்பாதான் சுவர்ணலதா பாட்டுக்கு எப்போதும் எழுந்து வெளியே போய் நின்று கேட்பார், உள்ளே அழத் தயங்கி); நெய்வேலியில் ஓய்வு பெற்று வந்து மூன்று தவணையாகக் கட்டிய ஐயா; சன்னதித் தெருவில் பூக்கட்டும் அக்கா கொடுத்த 501 ரூபாய்; வெள்ளத்தின்போது தட்டுப் பெட்டிகளைக் கூலி வாங்காமல் ஏற்றி இறக்கிய ஆட்டோக்காரத் தம்பி; ஒவ்வொரு நினைவு மாலைக்கும் பாதி வாடகைக்கு மைக்செட் தரும் அண்ணன்; டி.என். ராஜரத்தினம் பிள்ளை நினைவாகச் சன்மானம் வாங்காமல் ஒன்றரை மணி நேரம் வாசித்துவிட்டு, இரண்டு வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டு போன நாதஸ்வர வித்துவான். இவர்கள் பெயரைச் சுவரில் கல்லில் பொறிக்கலாமா என்று கேட்டோம். வேண்டாம், அந்தக் காசுக்கும் ஜல்லி வாங்குங்கள் என்றார்கள்.

இப்போது கசப்பான பகுதி. நம் பதிவேட்டில் 63 பேர் இருக்கிறார்கள். 38 பேர் கொடுத்திருக்கிறார்கள். மீதி 25 பேரில் சிலருக்கு உண்மையிலேயே கஷ்டம், மருந்துச் செலவு, எங்களுக்குத் தெரியும். அவர்கள் வந்து பாட்டுக் கேட்டாலே போதும். ஆனால் காபிக்கும் சுண்டலுக்கும் முதல் வரிசையில் நிற்கிறவர்கள், பேத்தி கல்யாணத்துக்கு மூன்று நாள் கச்சேரி வைத்தவர்கள், தங்கள் அப்பாவின் தட்டுகளை நம்மிடம் ஒப்படைத்துவிட்டு, "பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், அவர்களும் அந்த 25இல் இருக்கிறார்கள். பத்திரமாக வைப்பது எங்கள் கடமை என்றால், சொட்டாத கூரை தருவது யார் கடமை? 25 பேருக்கு ஆளுக்கு 3,000 என்று கணக்கு வைத்தால் 75,000. மீதி 6,500 உண்டியலில் தேறிவிடும்.

எல்லாம்தான் போனிலேயே கிடைக்கிறதே என்று எங்கள் வீட்டுப் பேரன்களும் கேட்கிறார்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 1930களில் வந்த தமிழ்ப் படங்கள் பலவற்றின் சுருள் இன்று எங்கும் இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படம் என்று சொல்லப்படும் காளிதாஸே (1931) இல்லை. அந்தக் காலத்துக் குரல்கள் நம்மிடம் வந்து சேர்ந்ததே அரக்குத் தட்டில்தான். போனில் இருப்பதையும் யாரோ ஒருவர் ஒரு தட்டைப் பத்திரமாக வைத்திருந்து ஏற்றியதால்தான் கேட்கிறோம். நம் 412இல் எது எங்கும் ஏறாதது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதற்குத்தான் அந்த 18,000.

கல்லைக் கட்டிக் கடலில் போட்டபோது அந்தக் கல்லே தெப்பமாகி அப்பர் பெருமான் கரையேறிய ஊர் இது. பதிகம் பாடித்தான் கரையேறினார். பாட்டு காப்பாற்றிய ஊரில் பாட்டைக் காப்பாற்ற ஆள் இல்லை என்ற பேச்சு வரக் கூடாது.

செப்டம்பர் 25 வியாழக்கிழமை மாலை 5.30 மணிக்கு, நவராத்திரி நாளில், எஸ்.பி.பி. ஐந்தாம் ஆண்டு நினைவு மாலை அறையில் நடக்கும். பணமாகக் கொடுப்பவர்கள் அன்றே கொடுத்துக் கையோடு ரசீது வாங்கிக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு விவரம் இத்துடன் உள்ள சீட்டில் இருக்கிறது. நாம் பதிவு பெற்ற சங்கம் இல்லை, அதனால் வருமான வரிச் சலுகைக்கான ரசீது தர முடியாது, பின்னால் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். கணக்குப் பதிவேடு மேஜைமேல் திறந்தே இருக்கும். அக்டோபர் 1 சரஸ்வதி பூஜையன்று கிராமபோன் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வந்த தொகையைப் படிப்போம்.

சுண்டல் உண்டு. சாப்பிட்ட கையோடு தட்டைத் தொட வேண்டாம், வாசலில் தண்ணீரும் துண்டும் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
இசைத்தட்டு அறைக் குழுவினர்
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்