இருளர்களை ஒதுக்கிவிட்டுப் பிச்சாவரத்தைக் காக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டை, அதாவது கடலோர அலையாத்திக் காட்டைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காடு பிழைக்க வேண்டுமானால் உள்ளே ஆள் நடமாட்டம் குறைய வேண்டும் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. யாருடைய நடமாட்டம்? படகில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் கிள்ளைப் பக்கத்து இருளர் பழங்குடியினரும் ஒன்றா?

அவர்கள் பிழைப்பைக் கிட்டத்தில் பார்த்தவள் நான். பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்பதால் பறி என்னும் பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். விரலெல்லாம் சிப்பி கீறிய காயம். அன்றைக்குக் கிடைக்கும் இறால்தான் அன்றைக்கு உலை வைக்க.

காடு அழிந்ததற்கு ஆடுமாடு மேய்த்தவர்களும் விறகு பொறுக்கியவர்களுமே காரணம் என்று வெகுகாலம் பழி போட்டார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் ஆராய்ந்தபோது வேறு கதை தெரிந்தது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து 1970-கள் வரை பகுதி பகுதியாக மொட்டையடித்தாற்போல் மரம் வெட்டியதில், தரை காய்ந்து பள்ளமாகி, உள்ளே வந்த கடல்நீர் வெளியேறாமல் உப்பு ஏறிக் கன்றுகள் முளைக்காமல் போயின. வாய்க்கால் வெட்டி கடல் ஏறி இறங்கும் ஓதநீர் வந்து போக வழி செய்த பிறகே மரங்கள் மீண்டன. அந்த வேலையில் ஊர்மக்களும் சேர்ந்து உழைத்தார்கள். 2004 சுனாமியின்போது அலையின் வேகத்தைத் தடுத்ததும் இந்தக் காடுதான்.

காட்டுயிரையும் மக்களையும் சேர்த்தே காக்க முடியும் என்பதற்கு வேறோர் உதாரணமும் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் பாம்புத்தோலை நம்பியிருந்த இருளர்கள் வருமானம் இழந்தார்கள். 1978-இல் செங்கல்பட்டுப் பக்கத்து வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் உருவானது. உரிமத்தோடு பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம் போகிறது. பாம்பும் பிழைத்தது, குடும்பங்களும் பிழைத்தன. செங்கல்பட்டுப் பக்கம் முடிந்தது கடலூரில் ஏன் முடியாது?

பிச்சாவரம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது எங்கள் மாவட்டத்துக்கே பெருமை. அந்தப் பெருமையில் காட்டோடு வாழ்கிறவர்களுக்கும் பங்கு வேண்டும். படகுக் கட்டணத்தில் ஒரு பகுதி இருளர் குடியிருப்புகளுக்குப் போகும்படி அரசாணையிலேயே எழுத வேண்டும். கையால் இறால் பிடிக்கும் உரிமையை எந்தப் புதுத் திட்டமும் தொடக்கூடாது. காவலர், படகோட்டி வேலைகளுக்கு முதலில் அவர்களைக் கூப்பிட வேண்டும். பழங்குடிச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அவர்களை அலையவிடாமல், குடியிருப்புக்கே முகாம் போட்டுக் கொடுக்கும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
பரங்கிப்பேட்டை, கடலூர் மாவட்டம்.