கூரை ஒழுகுவது பற்றி, கடைசி முறையாக

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன் பண்ணிப் பண்ணி ஓய்ந்துவிட்டேன், அதனால்தான் எழுத்தில் கொடுக்கிறேன். இதுவரை மூன்று புகார் எண் கொடுத்திருக்கிறீர்கள். முதல் இரண்டும் 'முடிக்கப்பட்டது' என்று எனக்கு மெசேஜ் வந்தது. என்ன முடிந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வண்டி இன்றைக்கும் ஈரோட்டில் என் வீட்டு வாசலில் தலைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு நிற்கிறது.

போன மார்ச்சில் நீங்கள் கட்டிக் கொடுத்த அந்த நீள வண்டிதான், உள்ளேயே படுத்துத் தங்கிப் பயணம் போகிற கேம்பர் வேன். கூரை மேல் சோலார் தட்டு இரண்டு, நடுவில் திறந்து மூடுகிற அந்த மூடி. மற்றதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். உள்வேலைக்கு மட்டும் 7 லட்சத்து 40 ஆயிரம் எண்ணிக் கொடுத்தேன்.

கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, பழவேற்காட்டில் ஆரம்பித்துக் கடலோரமாகவே கன்னியாகுமரி வரை 40 நாள் தனியாகப் போவதாகத் திட்டம். ஐப்பசி கார்த்திகையில்தான் போவேன், மழை இருக்கும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொன்னேன். "கவலையே படாதீங்க, ஆத்துல விட்டாலும் ஒரு சொட்டு உள்ள வராது" என்றார் உங்கள் ஆள். மாமல்லபுரம், பிச்சாவரம், பூம்புகார் வரை தூறலோடு தப்பித்தேன். தரங்கம்பாடியில் மாட்டிக்கொண்டேன்.

டேனிஷ் கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தேன். ராத்திரி பத்து மணிக்குப் பிடித்த மழை விடவே இல்லை, கடல்காற்று வேறு மழையைப் பக்கவாட்டில் தூக்கி அடித்தது. ஒரு மணி வாக்கில் நெற்றியில் சொட்டு விழுந்து எழுந்தால், மூடியின் நாலு பக்கமும் தண்ணீர் இறங்குகிறது. தனி ஆள், என்னிடம் இருந்ததே மூன்று பாத்திரம், மூன்றையும் வைத்தேன். அலமாரிக்குள் இறங்கிய தண்ணீரில் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்திவிட்டு அணைந்தது. விளக்கு இல்லை, ஃபேன் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. அந்த ஊர் மாசிலாமணிநாதர் கோயில் 1306இல் கட்டியது, அதன் முன்பக்கத்தைக் கடல் தின்ன நூற்றாண்டுகள் ஆயின. உங்கள் கூரைக்கு எட்டு மாதம்.

உங்கள் '24 மணி நேர' எண்ணை விடிய விடிய அடித்தேன். காலை ஏழரைக்கு ஒருவர் எடுத்தார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "மழையில எதுக்கு வண்டியை வெளிய நிறுத்துன?" என்றார். நிறுத்துன! எனக்கு வயது 61. எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்துப் பையனைக்கூட 'வாங்க கண்ணு' என்றுதான் கூப்பிடுவோம். அப்புறம், வண்டியை வேறு எங்கே நிறுத்துவது, கோட்டைக்குள்ளேயா? பெயர் கேட்டேன், வைத்துவிட்டார். அந்த அழைப்பைப் பதிவு செய்வதாக நீங்களே ஆரம்பத்தில் சொல்கிறீர்கள், போட்டுக் கேளுங்கள்.

பொறையாரில் லாரி வேலை பார்க்கும் ஒரு தம்பி வந்து மேலே ஏறினார். மூடி ஓரத்துச் சிலிக்கான் பசையைப் பிடித்து இழுத்தார், வெங்காயத் தோல் மாதிரி முழு நீளத்துக்கும் உரிந்து வந்தது. அடியில் தண்ணீர் இறங்காமல் ஒட்டுகிற பியூட்டைல் டேப் கிடையாது, ஸ்குரூ தலைகள் மொட்டையாக இருந்தன. தகரம் வெயிலில் விரியும், ராத்திரியில் சுருங்கும், வண்டி ஓடினால் முறுக்கும், மேலோடு சிலிக்கானை மட்டும் பூசினால் எப்படி நிற்கும் என்று அவர் என்னிடம் கேட்டார். நான் உங்களிடம் கேட்கிறேன். பஸ் பாடி கட்ட எங்கெங்கிருந்தோ தேடி வருகிற கரூரில் பட்டறை வைத்திருக்கும் உங்களுக்கு இது தெரியாதா? தார்ப்பாய் கொடுத்தது ஒரு மீனவர், படகு மேல் போட்டிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

17ஆவது நாளோடு பயணம் முடிந்தது. கோடியக்கரைக்கு வரும் பறவைகளுக்காகத்தான் இந்தப் பருவத்தையே பார்த்து வைத்திருந்தேன், அது போச்சு.

திரும்பும் வழியில் கரூர்ப் பட்டறைக்கே கொண்டு வரச் சொன்னார் இன்னொரு அம்மா (அவர் மரியாதையாகப் பேசினார், அதையும் சொல்லிவிடுகிறேன்). கேட்டில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு, அந்த வேலையைக் கோயமுத்தூருக்கு மாற்றியாச்சு என்றார்கள். கோயமுத்தூரில் கேட்டால் கரூர்தான் என்கிறார்கள். மறு வாரம் வியாழக்கிழமை வரச் சொல்லி மறுபடி போனேன், போக வர 130 கிலோமீட்டர், அன்றைக்கு இன்ஜினியர் லீவு. திரும்பும்போது கொடுமுடியில் டயர் பஞ்சர், அதையும் உங்கள் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

இன்வெர்ட்டர் 38 ஆயிரம், மெத்தை 11,500. மெத்தை மேல் விரித்திருந்தது என் அம்மா காலத்துப் பவானி ஜமக்காளம், சிவப்புச் சாயம் இறங்கிப் பாழாகிவிட்டது. அதற்கு விலை கிடையாது. போடச் சொன்னால் ஒரு லட்சம் போடுவேன்.

தயவுசெய்து கூரையைப் பிரித்து, டேப் போட்டு, சரியான சீலன்ட் அடித்து, என் கண் முன்னால் ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடித்துக் காட்டுங்கள். இன்வெர்ட்டரும் மெத்தையும் உங்கள் செலவு. 15 நாள் பார்ப்பேன். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போகும், அதற்கும் அசையவில்லை என்றால் வழக்குத்தான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷம் அவகாசமும் இருக்கிறது. நான் ஈரோட்டில் உட்கார்ந்திருப்பேன், வாய்தாவுக்கு வாய்தா நீங்கள்தான் வர வேண்டும். கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எதையும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

அந்த ஏழரை மணி ஆள் ஒரு தடவை போன் பண்ணி 'நிறுத்துனீங்க' என்று சொல்லட்டும். ஜமக்காளத்தை வேண்டுமானால் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒழுகும் வண்டிக்காரன், ஈரோடு

பி.கு.: தார்ப்பாயைத் தரங்கம்பாடிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பார்சல் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.