கோப்பையில்லாத நாற்பது ஆண்டுகள்: பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி பேஸ்பால் பருவம் முடிகிற கையோடு, பயிற்சியாளரின் பணிக்கு நன்றி கூறி வேறொருவரைத் தேடுவதாகச் சொல்லும் அறிக்கைகள் தங்கள் அலுவலகங்களிலிருந்து வரத் தொடங்குகின்றன. அவற்றுள் பலவற்றின் பின்னே இருப்பது ஒரே கேள்விதான்: கல்லூரி உலகத் தொடர் என்னும் தேசிய இறுதிச் சுற்று நடக்கும் ஒமாஹா நகருக்குப் போனாரா, போனவர் கோப்பையோடு திரும்பினாரா? இந்த அளவுகோலைக் கையில் எடுக்கும் முன், புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் பயிற்சியாளராக இருந்த மைக் மார்ட்டினை ஒருமுறை நினைத்துப் பார்க்குமாறு வேண்டிக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

1944இல் பிறந்த மார்ட்டின், அதே பல்கலைக்கழகத்தின் மாணவராக 1965இல் ஒமாஹாவில் ஆடியவர். பின்னர் தொழில்முறை பேஸ்பாலின் கீழ்ப்படியான மைனர் லீக்கில் சில ஆண்டுகள் ஆடியும், மேல்படியான மேஜர் லீக்கின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் டல்லஹாசி நகரின் சமுதாயக் கல்லூரியில் கூடைப்பந்து கற்றுக்கொடுத்தார். பிறகு தாம் படித்த இடத்துக்கே துணைப் பயிற்சியாளராக வந்தார். தலைமைப் பயிற்சியாளராக இருந்த டிக் ஹௌசர் நியூயார்க் யாங்கீஸ் என்னும் மேஜர் லீக் அணியை நடத்தக் கிளம்பியதும், 1980ஆம் ஆண்டுப் பருவத்தில் அந்த இடம் மார்ட்டினுக்கு வந்தது. 2019 வரை அதை அவர் விடவில்லை.

அந்த நாற்பது பருவங்களில் அவர் பெற்ற வெற்றிகள் 2,029. அதுவரை கல்லூரி பேஸ்பாலில் மிக அதிக வெற்றிகள் பெற்றிருந்த பயிற்சியாளர் ஆகி கரிடோவின் 1,975 என்ற எண்ணிக்கையை 2018இல் அவர் தாண்டினார். ஐம்பத்தாறு ஆட்டங்களை ஒட்டியே வழக்கமான பருவம் அமையும் ஒரு விளையாட்டில், எந்த ஆண்டும் நாற்பதுக்குக் குறையாமல் வென்றதும், எந்த ஆண்டும் தேசியப் போட்டிக்குத் தகுதி பெறத் தவறாததும்தான் என் கண்ணுக்கு அந்தப் பெரிய எண்ணைவிட வியப்பானவை. பயிற்சியாளராக ஒமாஹாவுக்குப் பதினேழு முறை போனார். கோப்பை ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. 1986 இறுதியாட்டத்தில் அரிசோனாவிடம் 10-2 என்று தோற்றதைத் தெளிவான தோல்வி என்று ஒப்புக்கொள்ளலாம். 1999இல் மயாமியிடம் தோற்றது 6-5. ஒரே ஒரு ரன். அந்த ஒரு ரன் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் அவர் இன்னும் நல்ல ஆசிரியராகியிருப்பாரா என்பதைத் தாங்களே சொல்லுங்கள்.

கல்லூரிப் பயிற்சியாளரின் வேலை எப்படிப்பட்டது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஆட்களை மாற்றும் அவசரத்தில் அது மறந்துவிடுகிறதோ என்று ஐயமாக இருக்கிறது. மார்ட்டின் காலத்தின் பெரும்பகுதியில் ஒரு பேஸ்பால் அணிக்கு அனுமதிக்கப்பட்ட முழு உதவித்தொகைகள் 11.7 மட்டுமே. அந்த 11.7ஐ இருபதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்குக் கூறுபோட வேண்டியிருந்தது. ஒருவனுக்குக் கால்பங்கு, இன்னொருவனுக்குப் பாதி. மீதியை எப்படிக் கட்டப் போகிறோம் என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்லவேண்டியவரும் பயிற்சியாளரே. இப்படிச் சேர்த்து வளர்த்த பையன், நான்காண்டுக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் முடிந்ததும் தொழில்முறை அணிகளின் தேர்வுக்கு உரியவனாகிவிடுவான். சிறந்தவன் கிளம்பிவிடுவான் என்று தெரிந்தேதான் அவனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

மார்ட்டினின் மாணவர் பஸ்டர் போஸி இதற்குச் சரியான சான்று. முதலாண்டில் ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளராக ஆடிய அவரை, 2007இல் மார்ட்டினின் பயிற்சியாளர் குழு, அடிப்பவருக்குப் பின்னே பந்தைப் பிடிக்கும் கேட்சராக மாற்றியது. நல்ல ஷார்ட்ஸ்டாப் ஒருவரைக் கையில் வைத்துக்கொண்டு, முட்டி போட்டுக் குந்தி முகமூடி மாட்டும் வேலைக்கு அனுப்பத் துணிச்சல் வேண்டும். 2008 மே 12 அன்று சவானா ஸ்டேட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் போஸி களத்தின் ஒன்பது இடங்களிலும் மாறி மாறி நின்றார், பந்தும் வீசினார், போதாததற்கு ஒரே அடியில் நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாமும் அடித்தார். அந்தக் கோடையிலேயே சான்பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் என்னும் மேஜர் லீக் அணி அவரை எடுத்துக்கொண்டது. 2010, 2012, 2014 என மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை மூன்று முறை வென்ற அந்த அணியின் கேட்சர் அவர்தான். ஒமாஹாவின் கணக்கேட்டில் இதற்கென்று ஒரு பத்தி இல்லை.

மார்ட்டினுக்குப் பின் அவர் மகனே பொறுப்பேற்றார். முதல் பருவம் கொரோனாவால் மார்ச் மாதத்திலேயே நின்றுபோனது. அடுத்த இரண்டு ஆண்டும் அணி தேசியப் போட்டிக்குப் போயும், 2022இல் அவர் விடுவிக்கப்பட்டார். அந்த முடிவுக்குக் காரணங்கள் இருந்திருக்கலாம். என் ஆட்சேபம் கால அளவைப் பற்றியது: தாம் சேர்த்த முதல் வகுப்பு மாணவர்கள் பட்டம் வாங்கும் வரையாவது ஒரு பயிற்சியாளரை விட்டுவைக்காமல், அவர் கற்பித்தலை எதைக் கொண்டு மதிப்பிடுகிறோம்? ஆகவே, ஒப்பந்தங்களில் அந்த நான்கு ஆண்டுகளை உறுதி செய்யுங்கள். ஒமாஹாவுக்குப் போனால் ஊக்கத்தொகை என்று எழுதும் அதே பக்கத்தில், பட்டம் முடித்த மாணவர்களின் எண்ணிக்கைக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

மார்ட்டின் 2024 பிப்ரவரி 1 அன்று காலமானார். அந்த ஜூன் மாதம் புளோரிடா ஸ்டேட் மீண்டும் ஒமாஹாவில் நின்றபோது, அணியை நடத்தியவர் தொண்ணூறுகளில் மார்ட்டினிடம் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடிய லிங்க் ஜாரெட். முதல் ஆட்டத்தில் டென்னஸி பல்கலைக்கழகத்துக்கு எதிராக, கடைசியான ஒன்பதாம் இன்னிங்ஸில் 11-8 என்று முன்னிலையில் இருந்தும், 12-11 என்று தோற்றார்கள். ஜாரெட்டும் கோப்பையில்லாமல்தான் டல்லஹாசி திரும்பினார்.

இப்படிக்கு,
கல்லூரி பேஸ்பால் பார்க்கும் ஒருவன்