ஸ்ரீராமபுரம் உடையாமல் வர: வரைபட மென்பொருளுக்கு நன்கொடை வேண்டுகோள்

பெங்களூரு வாழ் தமிழ் அன்பர்களுக்கு வணக்கம். வரைபட மென்பொருளில் தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் தெரிய நாங்கள் செய்யும் திருத்தங்களுக்கு நன்கொடை வேண்டி எழுதுகிறோம்.

வலை வரைபடங்களில் ‘பெங்களூரு’ என்ற பெயரின் கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்துருவில் கோளாறு இல்லை. எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடு முறையில் முதலில் ‘ப’, அடுத்து கொம்பு என்ற வரிசையில்தான் ‘பெ’ சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை இடப்பக்கம் நகர்த்துவது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துக் கோர்ப்பு நிரலின் வேலை. கணினியில் நிறுவும் வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ், க்யூடி என்ற நிரல் நூலகத்தின் மீது எழுதப்பட்டது. ஹார்ஃப்பஸ் அதனுள்ளேயே இருப்பதால் அங்கே பெரும்பாலும் தொல்லையில்லை. உலாவியில் வரைபடம் காட்டும் மேப்லிப்ரே போன்ற வலை நூலகங்களின் வழக்கமான முறை வேறு: 256 குறியெண்கள் கொண்ட கட்டுகளாக எழுத்துப் படங்களை இறக்கி, எண்ணுக்கு ஒரு படமாக அடுக்குவது. தமிழ், 2816 முதல் 3071 வரையிலான கட்டில் இருக்கிறது. ‘ளூ’, ‘ரு’ ஆகியவற்றுக்குத் தனிக் குறியெண்ணே கிடையாது. ஆகவே அந்தக் கட்டில் அவற்றுக்குப் படமும் கிடையாது.

எழுத்துகளைத் தனித்தனியாக அடுக்காமல், உயிர்மெய் முழுவதையும் உலாவியின் படம் வரையும் பகுதியான கேன்வாஸிடம் கொடுத்து ஒரே படமாக வரைவிப்பதே எங்கள் வழி. எழுத்துரு மாறும்போதெல்லாம் டைல்களை (வரைபடத்தின் சதுரத் துண்டுகளை) மறுபடி உருவாக்க வேண்டியதில்லை என்பதால் இதைத் தேர்ந்தோம். சிக்கலும் உண்டு. ஒவ்வொரு கைப்பேசியிலும் தமிழ் எழுத்துருவின் அகலம் வேறு. முன்கூட்டியே அளக்காவிட்டால் பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். வளைந்த சாலையோரம் பெயரைப் பிரித்து வைக்கும்போது இன்னொரு தடை. யூனிகோடின் பொதுவான பிரிப்பு விதி ‘க்ஷ’வையும் ‘ஸ்ரீ’யையும் இரண்டிரண்டாக எண்ணுகிறது, ஸ்ரீராமபுரம் முதல் எழுத்திலேயே உடைகிறது. இதற்குத் தமிழுக்கென விதி அட்டவணை எழுத வேண்டும். கன்னடத்தில் கீழே எழுதப்படும் ஒத்தெழுத்துகளும் மலையாளக் கொம்புகளும் இதே இடத்தில்தான் சிதைகின்றன. அடிப்படை திருத்தப்பட்டால் அந்த மொழியினருக்கும் பயன்.

க்யூஜிஐஎஸ்ஸுக்கான எங்கள் செருகுநிரலுக்கு (கூடுதலாக இணைக்கும் துணை நிரலுக்கு) மூன்று வேலைகள் உள்ளன. முதலாவது ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வகை. அதன் அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் தலைப்புக்கு 10 பைட்டுதான் இடம். தமிழ்க் குறியெண் ஒன்று, யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டு பிடிக்கும். ‘வார்டு’ என்ற சின்னச் சொல்லுக்கே 18 பைட்டு வேண்டும், ‘வார’ வரைக்கும்தான் கொள்ளும். எழுத்துகள் எந்த முறையில் சேமிக்கப்பட்டன என்று சொல்ல, கூடவே வரவேண்டிய சிபிஜி கோப்பு தொலைந்தால் உள்ளிருக்கும் பெயர்களும் குப்பையாகத் தெரியும். செருகுநிரல் இதைக் கண்டுபிடித்து ஜியோபேக்கேஜ் என்ற வேறு கோப்பு வகையாக மாற்றித் தரும்.

அடுத்தது யுடிஎம் மண்டலம், அதாவது உலகை 6 பாகை அகலத் துண்டுகளாகப் பிரித்து இடங்களைக் குறிக்கும் முறை. பெங்களூரு 43-ஆம் மண்டலம். கோலார் தங்கவயல் கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகையைத் தாண்டி 44-இல் இருக்கிறது. 44-இன் ஆயத்தொலைவுகளை 43 என்று குறித்துவிட்டால் தங்கவயல் ஏறத்தாழ 650 கிலோமீட்டர் மேற்கே, அரபிக்கடலில் விழும். இந்தத் தவறைச் செருகுநிரல் முன்கூட்டியே எச்சரிக்கும்.

மூன்றாவது, க்யூஜிஐஎஸ் 4 வரிசைக்காக, செருகுநிரலை க்யூடி நூலகத்தின் 6-ஆம் பதிப்புக்கு மாற்றுவது. பெரும்பகுதியை மாற்று நிரலே செய்துவிடும். மீதியை ஒவ்வொரு உரையாடல் பெட்டியாகத் திறந்து சோதிக்க ஆள் வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் பொத்தான்களில் வெட்டுப்படுவதும் அப்போதுதான் தெரியவரும்.

செலவு மொத்தம் ரூ. 3,00,000. வலை நூலகத் திருத்தத்துக்குப் பகுதிநேர நிரலர், மூன்று மாதம்: ரூ. 1,80,000. செருகுநிரல் மாற்றமும் சோதனையும் ரூ. 70,000. வார இறுதிப் பயிற்சி இரண்டுக்கு ரூ. 26,000. டைல் சேமிப்பு மாதம் ரூ. 2,000 வீதம் ஓராண்டுக்கு ரூ. 24,000. தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் டைல் சேவையகங்கள் நன்கொடையில் ஓடுபவை, அவற்றின் மீது நம் சுமையை ஏற்றுவது முறையல்ல. பிஎம்டைல்ஸ் என்ற ஒற்றைக் கோப்பில் டைல்களை வைத்தால் மலிவான சேமிப்பிடமே போதும். உலாவி தேவையான பைட்டுகளை மட்டும் கேட்கும்போது, சேவையகம் 206 (கேட்ட பகுதி மட்டும்) என்று பதில் தருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 200 என்று சொல்லி முழுக் கோப்பையும் அனுப்பினால் வரைபடம் திறக்காது, கட்டணம்தான் ஏறும்.

தொகை முழுதும் சேராவிட்டால், வலை நூலகத் திருத்தம் முதலில், பயிற்சி கடைசியில். திருத்தங்களை மூலத் திட்டங்களுக்கே அவற்றின் திறந்த உரிமத்தில் அனுப்புவோம். தனிப் பதிப்பாக வைத்துக்கொண்டால் அடுத்த வெளியீட்டிலேயே பின்தங்கிவிடும்.

ரூ. 500 ஆனாலும் ரசீது உண்டு. மாதந்தோறும் வரவு செலவு உறுப்பினர்களுக்கு அனுப்பப்படும். 80ஜி பதிவு இல்லாததால் வரிச்சலுகை கிடைக்காது. வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவும் இல்லை: வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம், பிறநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் வாங்க இயலாது.

பணம் தர இயலாதவர்கள் 8 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினி தரலாம். அல்லது அல்சூர், மர்பி டவுன், சிவாஜிநகர் தெருக்களில் ஒரு ஞாயிறு நடந்து தமிழ்ப் பெயர்களைக் குறித்துத் தாருங்கள். பலகையில் ஹலசூரு, பேச்சில் அல்சூர் என்றிருந்தால் இரண்டையும் எழுதுங்கள். மாற்றுப் பெயருக்குத் தனிப் புலம் இருக்கிறது. ஆனால் வணிக நிறுவனங்களின் வரைபடத்தைப் பார்த்து எழுத வேண்டாம்: உரிமம் இடம் தராது, அப்படிச் சேர்ந்த பெயர்களை நீக்க நேரிடும்.